கிணறு ஆற்ர காணியில?

போன வருசம் பங்குனி மாதம் கனடாவில இருக்கிற நண்பர் ஒருவர் எங்களுக்கு ஒரு குரல்பதிவு அனுப்பியிருந்தார். அவருடைய அம்மம்மா காலமாகி ஒரு வருசம். "அவவின்ர ஞாபகமா ஊரில ஒரு குடிதண்ணிக் கிணறு கட்டிக் குடுக்க வேணும். காசு சேர்த்தாச்சு. கஷ்டப்பட்ட சனம் இருக்கிற இடமாப் பாத்துச் சொல்லுங்கோ." அவ்வளவுதான் விசயம். நல்ல காரியம், பிந்தக்கூடாது என்று நாங்கள் மூன்று பேர் அடுத்த ஞாயிறே வெளிக்கிட்டோம். இடமும் கிடைத்தது. இருபத்தைந்து குடும்பமளவில் இருக்கிற ஒரு குடியிருப்பு. ஒரு பொதுக் கிணறு உண்டு, அதுவும் ஆனியில் சவர்த்துவிடும். பிறகு குடிக்கத் தண்ணி எடுக்க மெயின் றோட்டுக்கு நடக்க வேண்டும்.

படலையடியில் நின்று எங்கள் கதையை முழுக்கக் கேட்ட ஒரு அம்மா கடைசியில் ஒன்றே ஒன்றுதான் கேட்டா: "அது சரி தம்பியவை, கிணறு ஆற்ர காணியில வெட்டப் போறியள்?"

எங்களிடம் பதில் இல்லை. எத்தனை அடி ஆழம், என்ன விட்டம், கட்டுக்கு எவ்வளவு சீமெந்து என்பதெல்லாம் கணக்குப் போட்டிருந்தோம். காணியைப் பற்றி யோசிக்கவில்லை. அந்தக் கேள்வியின் பின்னால் போய்த்தான் இந்தக் கட்டுரை வந்தது.

முதலில் மண்ணைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு இல்லை. வழுக்கையாறு என்று ஒன்று இருக்கிறது, அது மாரியில் மட்டும் ஆறு. ஐப்பசி தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழைதான் எங்களுடைய தண்ணி. அந்த மழை சுண்ணாம்புக் கல்லின் வெடிப்புகளுக்கால் கீழே இறங்கி, அடியில் இருக்கிற கடல்நீருக்கு மேலே ஒரு வில்லை மாதிரி மிதக்கிறது. நன்னீர் உப்புநீரைவிட இலேசானது என்பதால்தான் இந்த மிதப்பு. கடல்மட்டத்துக்கு மேலே ஒரு அடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும். திருப்பிப் பார்த்தால் விசயம் பயங்கரமானது. மேலே ஒரு அடி இறைத்துக் குறைத்தால், கீழே உப்பு நாற்பது அடி ஏறப் பார்க்கும். கிணறு சவர்த்துப் போவது என்று நாங்கள் சாதாரணமாகச் சொல்வது இதைத்தான்.

ஆக, ஊர் முழுவதற்கும் நிலத்தடியில் ஒரே தண்ணிதான். உங்கள் வளவுக் கிணற்றில் நீங்கள் இறைத்தால் பக்கத்து வளவுக்காரருக்கும் குறையும். ஆனால் நிலத்துக்கு மேலே நாங்கள் போட்டிருக்கிற கணக்கு வேறு. பழைய காணி உறுதி ஒன்றை எடுத்து வாசித்துப் பாருங்கள். இத்தனை பரப்பு நிலம், அதிலுள்ள வான்பயிர், பிறகு கிணற்றிலும் வழிவாய்க்காலிலும் இன்ன பங்கு என்று எழுதியிருக்கும். சகோதரங்கள் காணியைப் பிரித்துக்கொண்டாலும் கிணற்றைப் பிரிக்க முடியாது, அதனால் பங்கு எழுதுவார்கள், தோட்டத்துக்கு முறை வைத்து இறைப்பார்கள். மிக நுணுக்கமான ஏற்பாடு. இதில் உள்ள ஒரே சிக்கல், காணி இருந்தால்தான் கிணறும் இருக்கும். காணி இல்லாதவருக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை.

யாருக்குக் காணி இல்லாமல் போனது என்பது இரகசியம் அல்ல. ஒல்லாந்தர் 1707இல் தொகுப்பித்த தேசவழமை காணி, சீதனம், முதுசம் பற்றி மட்டும் பேசவில்லை. அடிமைகளைப் பற்றியும் பேசுகிறது. பள்ளர், நளவர் உட்படச் சில சாதிகள் அதில் அடிமைகளாகவே வருகிறார்கள். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். அடிமைத்தனம் போனபோது காணி ஒன்றும் கையில் கொடுக்கப்படவில்லை. வேறொருவருடைய வளவின் மூலையில், அவர் எழும்பச் சொன்னால் எழும்ப வேண்டிய நிலையில், கொட்டில் போட்டு இருந்தார்கள். பஞ்சமர் என்று ஒன்றாகச் சேர்த்து அழைக்கப்பட்ட சாதிகளின் தண்ணி வரலாறு இங்கிருந்துதான் தொடங்குகிறது. கிணற்றுக் கட்டுக்கு வெளியே குடத்தை வைத்துவிட்டுக் காத்து நிற்க வேண்டும். கட்டில் ஏறக்கூடாது, துலாக்கயிற்றைத் தொடக்கூடாது. உரிமையுள்ள யாராவது வந்து அள்ளி, தொடாமல், குடத்துக்குள் வார்த்துவிட வேண்டும். வராவிட்டால் காத்திருக்க வேண்டும். தோட்டத்தில் துலா மிதித்துப் புகையிலைக்கு இறைக்க அதே கால்கள் வேண்டியிருந்தன என்பதையும் சேர்த்துத்தான் இதை நினைக்க வேண்டும்.

இந்த இடத்தில் நண்பர்கள் சிலர், "அப்ப எங்கட ஆக்கள் தண்ணியால தர்மமே செய்யேல்லையோ?" என்று கேட்டார்கள். செய்தார்கள், நிறையவே செய்தார்கள். வழிப்போக்கருக்கு மடம், மடத்துக்குப் பக்கத்தில் கேணி, சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாடு உடம்பை உரஞ்ச ஆவுரஞ்சிக்கல், அது குடிக்கத் தொட்டி. பருத்தித்துறையில் தெருமூடி மடத்துக்குக் கீழால் இப்பவும் வாகனம் போகிறது. வயிற்றில் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணின் நினைவாகச் சுமைதாங்கி நடுவது தமிழரின் பழைய வழக்கம். இறந்தவருடைய பாரம் இறங்கட்டும் என்று. எங்கள் கனடா நண்பருடைய ஆசை அந்த வழக்கத்தின் பேரப்பிள்ளைதான். கோயில் திருவிழாக்களில் தண்ணீர்ப்பந்தல், அதில் மோரும் சர்க்கரைத் தண்ணியும். இவை எல்லாம் உண்மையான கருணையில் இருந்து வந்தவை, நாங்கள் அதைக் குறைத்துப் பேசவில்லை.

ஆனால் தொட்டியில் மாடு தன் பாட்டில் வாய் வைத்துக் குடித்துவிட்டுப் போகலாம். மனிதர் எல்லோருக்கும் அந்தச் சுதந்திரம் இருக்கவில்லை. எல்லோருக்கும் ஒரே ஏனத்திலும் கொடுக்கவில்லை. பின்னர் தேநீர்க்கடைகளில் சிலருக்குக் கிளாஸும் சிலருக்குப் போத்தலும் தகரப் பேணியும் என்று வந்தது அந்தப் பழக்கத்தின் தொடர்ச்சி. தர்மம் கொடுப்பவர் கையில் இருந்தது. எப்படிக் கொடுப்பது, எவ்வளவு தூரத்தில் நின்று கொடுப்பது என்பதும் அவர் கையில்தான்.

1927ஆம் ஆண்டை இங்கே நிறுத்திப் பார்க்கலாம். அந்த வருசம் மார்ச் 20ஆம் திகதி, பம்பாய் மாகாணத்தில் மகாட் என்ற ஊரில், அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரோடு நடந்துபோய் சவுதார் குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்தார். அது ஊர்ச்சபையின் குளம். எல்லோருக்கும் திறந்தது என்று ஏற்கெனவே தீர்மானமும் இருந்தது. இருந்தும் ஒருவரும் போக முடியவில்லை. அவர்கள் குடித்துவிட்டுப் போன பிறகு, பஞ்சகவ்வியம் கலந்த 108 குடம் ஊற்றிக் குளத்தைச் 'சுத்தம்' செய்தார்கள். வழக்கு பம்பாய் உயர்நீதிமன்றம் வரை போய், 1937இல்தான் அம்பேத்கர் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பு வந்தது. ஒரு வாய்த் தண்ணிக்குப் பத்து வருசம்.

அதே 1927 நவம்பர் கடைசியில் காந்தி யாழ்ப்பாணம் வந்தார். அழைத்தது யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ். அந்த நேரத்தில் இலங்கைத்தீவு முழுவதிலுமே முற்போக்கான இளைஞர் அமைப்புகளில் ஒன்று அது, சாதிப் பாகுபாட்டை எதிர்ப்பது அதன் கொள்கைகளில் ஒன்று. காந்தி கூட்டங்களில் பேசினார், கதர் நிதிக்குக் காசு சேர்ந்தது, தீண்டாமை பாவம் என்றும் சொன்னார். இந்த இரண்டு நிகழ்வுகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து நாங்கள் கதைத்தபோது எங்களுக்குள் ஒரு சண்டையே வந்தது. காந்தியைக் குறைத்துப் பேசுவதா என்று ஒருவர் கோபப்பட்டார். எங்களுக்குப் பட்டது இவ்வளவுதான்: யாழ்ப்பாணத்தில் மகாட் நடக்க முடியாது. நடந்துபோய் இறங்க ஒரு பொதுக் குளம் வேண்டும். எங்கள் ஊரில் தண்ணி தனியார் வளவுக்குள், வேலிக்கும் படலைக்கும் பின்னால், குசினிக்குப் பக்கத்தில் இருந்தது. ஒருவருடைய வளவுக் கிணற்றுக்கு ஊர்வலம் போக முடியுமா?

பின்னால் வந்த போராட்டங்களைப் பார்த்தாலும் இது தெரியும். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்தது. சாதியின் பேரில் ஒருவரைப் பொது இடங்களில் தடுப்பது குற்றமானது. 1966 ஒக்ரோபர் 21ஆம் திகதி சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்குத் தீண்டாமைக்கு எதிரான ஊர்வலம் புறப்பட்டது. பொலிஸ் மறித்துத் தாக்கியது. ஊர்வலம் ஓயவில்லை, யாழ்ப்பாணம் போய்ச் சேர்ந்தது. அடுத்த வருடங்களில் தேநீர்க்கடைப் பிரவேசம், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில் நடந்த போராட்டம். உயிர்களும் போயின. கடையும் கோயிலும் வெளியே தெரிகிற இடங்கள், வாசல் உள்ள இடங்கள். கிணறு அப்படி இல்லை. சட்டமும் ஊர்வலமும் படலையோடு நின்றுவிடும். அதனால் கிணற்றடிக் கதை பத்திரிகைச் செய்தியாக வந்ததைவிடக் கதையாகவும் நாவலாகவும்தான் அதிகம் வந்தது. டொமினிக் ஜீவாவின் முதல் சிறுகதைத் தொகுப்பின் பெயர் 'தண்ணீரும் கண்ணீரும்'. அது 1960இல் வந்தது. கே. டானியல் தன் நாவல் ஒன்றுக்குத் 'தண்ணீர்' என்றே பெயர் வைத்தார். ஒடுக்கப்பட்ட சமூகங்களில் பிறந்து, பள்ளிப் படிப்பை இடையில் விட்டு, தொழில் செய்து, எழுத வந்த இரண்டு பேர். இரண்டு பேருக்கும் தலைப்பில் வைக்கத் தோன்றிய சொல் ஒன்றுதான்.

நிலைமை மாறியது. மாறவில்லை என்று சொன்னால் போராடினவர்களுக்குத் துரோகம். கிராமச்சபைகள் பொதுக் கிணறுகள் வெட்டின. எழுபதுகளில் இறக்குமதிக் கட்டுப்பாட்டோடு வெங்காயமும் மிளகாயும் விலை போனபோது தோட்டக் கூலியும் கூடியது. சிலர் ஒரு துண்டுக் காணி வாங்கி, முதல் வேலையாகக் கிணறு வெட்டினார்கள், வீடு பிறகுதான். (அதே காலத்தில் துலாவை விட்டு எல்லோரும் மண்ணெண்ணெய்ப் பம்புக்கு மாறியதும், உரம் கூடியதும், தண்ணியில் நைத்திரேற்று ஏறியதும் தனிக் கட்டுரைக்குரிய விசயம்.)

பிறகு யுத்தம். 1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. எங்கள் வீடுகளில் அந்தக் கதையைச் சொல்லத் தொடங்குகிற எவரும் தண்ணியில்தான் தொடங்குவார்கள். குண்டு பிறகுதான் வரும். எந்த வீட்டுக் கிணற்றில் அள்ள விட்டார்கள், எந்த வீட்டில் வாளியைக் கழற்றி உள்ளே வைத்தார்கள் என்பது இருபத்தைந்து வருசம் கழிந்தும் பெயர் சொல்லி நினைவிருக்கிறது. உயர்ந்த சாதி என்று தங்களை நினைத்திருந்தவர்களும் அந்த மாதங்களில் இன்னொருவர் கிணற்றடியில் குடத்தோடு நின்றார்கள்.

அதோடு எல்லாம் சமமாகிவிட்டது என்றுதான் நாங்களும் நினைத்திருந்தோம். 2009இல் காலிங்க ரியூடர் சில்வா, பி. பி. சிவப்பிரகாசம், பரம்சோதி தங்கேஸ் ஆகியோர் தொகுத்த, இலங்கையின் சாதிப் பாகுபாடு பற்றிய ஆங்கில நூல் ஒன்று உண்டு. அதில் யாழ்ப்பாணத்து இடம்பெயர்ந்தோர் முகாம்களைப் பற்றிய பகுதியை வாசித்தபோது வாய் அடைத்துப் போனது. காணியும் வசதியான உறவினரும் உள்ளவர்கள் முகாமை விட்டு மெல்ல மெல்ல வெளியேறிவிட்டார்கள். வருசக் கணக்கில் மிஞ்சிக் கிடந்தவர்களில் பெரும்பாலானோர் பஞ்சமர். முகாமைச் சுற்றியிருந்த வளவுக் கிணறுகளில் தண்ணி எடுப்பதில் அவர்கள் பட்ட பாடு அந்த ஆய்வில் இருக்கிறது. நிறுவனங்கள் முகாமுக்குள் கிணறும் தாங்கியும் குழாயும் கொடுத்தது உயிர் காத்த உதவி. அதே நேரம், பக்கத்து வேலிக்குள் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்காமல் விடவும் அது வசதியாகப் போனது.

உதவி அவசரத்தில் வரும்போது தண்ணியே குழம்பிப் போன கதையும் உண்டு. 2004 மார்கழி 26 ஆழிப்பேரலை வடமராட்சி கிழக்கிலும் கிழக்கு மாகாணக் கரையிலும் கிணறுகளுக்குள் கடலைக் கொண்டுவந்து ஊற்றியது. எல்லா அமைப்புகளும் பம்போடு ஓடிப்போய் இறைத்தன. சேறு எடுக்க இறைத்தது சரி. உப்புப் போகவேண்டும் என்று திரும்பத் திரும்ப இறைத்தபோது, மேலே சொன்ன அந்த வில்லை மெலிந்து, கீழே இருந்த உப்பு இன்னும் ஏறியது. கிழக்குக் கரையில் பின்னர் ஆய்வு செய்தவர்கள் கண்டது இதுதான். கிணறுகளை மீட்டது பெரும்பாலும் மழை. சும்மா இருந்திருந்தால் கொஞ்சம் வேகமாகத் தேறியிருக்கும். சும்மா இருப்பதற்கு யார் காசு தருவார்கள்?

யுத்தம் முடிந்த பிறகு பெயர்ப்பலகைக் காலம். 'அமரர் இன்னாரின் ஞாபகார்த்தமாக அன்னாரின் பிள்ளைகளால் அன்பளிப்புச் செய்யப்பட்டது' என்று கறுப்புக் கல்லில் பொன் எழுத்து. பள்ளிக்கூடங்களில் நீர் வடிகட்டும் இயந்திரங்கள், சந்திகளில் தாங்கிகள். நாங்கள் கேலி செய்யவில்லை. புலம்பெயர்ந்த சனத்தின் காசு இல்லாவிட்டால் பல இடங்களில் ஒன்றுமே நடந்திராது. ஆனால் நாங்கள் சுற்றித் திரிந்த இடங்களில் வடிகட்டி மாற்றக் காசில்லாமல் நின்றுபோன இயந்திரத்தையும் கண்டோம். ஒரு கிணறு மதிலுக்குள் போயிருந்தது. வெட்டும்போது காணிக்காரர் 'எல்லாரும் அள்ளட்டும்' என்று வாயால் சொன்னார். அவருக்குப் பிறகு காணி கைமாறியது, வாங்கினவர் மதில் கட்டினார். அவர் செய்தது சட்டப்படி பிழையில்லை. உறுதியில் கிணறு அவருடையது. பலகையில் இருக்கிற பெயர் உறுதியில் இல்லை.

சுன்னாகத்தைத் திரும்பவும் சொல்ல வேண்டியிருக்கிறது. 1966இல் ஊர்வலம் புறப்பட்ட அதே சுன்னாகத்தில், 2013, 2014 அளவில் மின் நிலையத்தைச் சுற்றியிருந்த கிணறுகளில் எண்ணெய் மிதப்பதாகச் சனம் முறையிட்டது. குடாநாட்டிலேயே நல்ல தண்ணி என்று பேர்பெற்ற செம்மண் பகுதி அது. உறுதியில் முழுப் பங்கும் எழுதப்பட்ட கட்டுக்கிணறுகளை வைத்துக்கொண்டு, சனம் தெருவோரக் கறுப்புத் தாங்கிக்கு முன்னால் வரிசையில் நின்று, பவுசர் வரும்வரை காத்திருந்தது. வரிசையில் எல்லாச் சாதியும் நின்றது. யாரோ வந்து வார்க்கும்வரை குடத்தோடு நிற்பது என்றால் என்ன என்று சில வீடுகளுக்கு முதல்முறையாகத் தெரிந்திருக்கும். ஆனால் இந்தமுறை கதை பவுசரோடு முடியவில்லை. 2015 தொடக்கத்தில் இளைஞரும் மாணவரும் வைத்தியர்களும் தெருவுக்கு வந்தார்கள். தெற்கைச் சேர்ந்த சுற்றாடல் செயற்பாட்டாளர் ஒருவர் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை வழக்குத் தாக்கல் செய்தார். 2019 ஏப்ரல் 4ஆம் திகதி தீர்ப்பு வந்தது. மின் உற்பத்தி நிறுவனம் பாதிக்கப்பட்டவர்களுக்கு இரண்டு கோடி ரூபா கொடுக்க வேண்டும் என்றும், கண்காணிக்க வேண்டிய அரச நிறுவனங்கள் கடமை தவறின என்றும் சொன்னது. இரண்டு கோடி போதாது என்பது வேறு விசயம். சனம் அதைக் கைநீட்டி வாங்கவில்லை, கேட்டு வாங்கியது. கறுப்புக் கல்லில் பேர் போட வேண்டிய தேவையும் இல்லை.

இப்போது குழாய் வருகிறது. ஆசிய அபிவிருத்தி வங்கியின் கடனோடு 2010இல் தொடங்கிய திட்டம் முதலில் இரணைமடுத் தண்ணியைக் குடாநாட்டுக்குக் கொண்டுவர நினைத்தது. கிளிநொச்சி விவசாயிகள் எதிர்த்தார்கள். அவர்கள் வயலே வருசம் முழுக்கப் பாய்வதில்லை, அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது. கடைசியில் கடலிடம் போனார்கள். தாழையடியில் கடல்நீரை நன்னீராக்கும் நிலையம் 2024 ஓகஸ்ட்டில் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு இரண்டு கோடியே நாற்பது இலட்சம் லீற்றர். கழிவு உப்புநீர் தங்கள் கடலில் விழுகிறது என்று அங்குள்ள மீனவர்கள் சொன்னதை இந்தப் பக்கத்தில் அதிகம் பேர் கேட்கவில்லை. எங்கள் குடங்கள் நிறைய, எங்கோ ஒரு கரையில் யாரோ வேலிக்கு வெளியே நிற்கிறார்கள். ஆனாலும் குழாய்க்கு ஒரு நல்ல குணம் உண்டு. மானி யாரையும் சாதி கேட்காது, பில் மட்டும்தான் கேட்கும். அந்தக் குடியிருப்புக்கு எப்போது வரும் என்று கேட்டோம், நாள் சொல்லவில்லை.

அந்த அம்மாவிடம் திரும்பவும் போனோம். கிணற்றுக்குப் பொருத்தமான, சவர்க்காத இடம் எது என்று அவவுக்குத் தெரிந்திருந்தது. ஒழுங்கை முடிகிற இடத்தில், வேலியோடு ஒட்டின பத்தைக் காணி. அதன் சொந்தக்காரர் லண்டனில். எங்கள் நண்பருக்கு எழுதினோம்: பலகைக்கு எடுத்து வைத்த காசில் ஒரு பகுதியை நொத்தாரிசுக்கு வைத்துக்கொள்ளுங்கள், முதலில் அந்தக் காணிக்காரரோடு கதையுங்கள், அரைப் பரப்பை சனசமூக நிலையத்தின் பேருக்கு நன்கொடை உறுதியாக எழுதித் தரச் சொல்லுங்கள், கிணற்றோடு ஒழுங்கை வரை வழியும் அதில் எழுதப்பட வேண்டும். அம்மம்மாவின் பேரை நிலைய வருடாந்தக் கணக்கில் எழுதி வைப்பார்கள், கல் வேண்டாம் என்றும் சொன்னோம். நண்பருக்கு முதலில் மனவருத்தம். இரண்டு கிழமை பதில் இல்லை. பிறகு, "அம்மம்மாவும் உறுதி விசயத்தில கடும் கவனம்தான்" என்று ஒரு செய்தி வந்தது.

லண்டன்காரர் ஓம் என்றிருக்கிறார். ஊரில் கையொப்பம் வைக்க யாருக்காவது அற்றோணித் தத்துவம் அனுப்ப வேண்டும். அது இன்னும் வந்து சேரவில்லை. பங்குனி திரும்பவும் பிறந்துவிட்டது. போன கிழமை போனபோது அந்த அம்மா படலையில் நின்று, "தத்துவம் வந்திட்டுதோ தம்பி?" என்றுதான் கேட்டா.